படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

உலான்பாத்தரின் பழைய வண்டிச் சந்தையில்
ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஏறி
மல்லாந்து படுத்துப் பார்த்தேன்.
விற்கிறவர்கள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.
என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.
வலியில் ஒருத்தி காலை உதைத்தால்
இன்னும் அரையடி வேண்டும்.
சலைன் பாட்டிலுக்கு ஒரு கொக்கி.
பக்கத்தில் என் முழங்கால் ஊன்ற
ஒரு சாண் தரை.

வெள்ளை ஜீப் ஒன்று,
ஜப்பானில் செல்லமாக வாழ்ந்து வந்தது.
இருக்கைக்குள்ளேயே சூடு.
"இதுக்கு எல்லாம் தெரியும் அக்கா" என்றான் பையன்,
"எதாவது கோளாறுன்னா அதுவே சொல்லிடும்."

சொல்லும்.
போன ஜனவரியில் அரசாங்க ஜீப்பும் சொன்னது,
மஞ்சளாய் ஒரு சின்ன விளக்கைக் காட்டி.
விளக்கின் அர்த்தம் கையேட்டில் இருந்தது,
கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.
மெக்கானிக் முன்னூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி;
அவனுக்கு ஒரு கணினி வேண்டும்,
கணினிக்குக் கரண்ட் வேண்டும்.
நோர்ஜ்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை.
விளக்கு எரிந்துகொண்டே இருந்தது
விடியும்வரை,
தன் வேலையில் ஒரு குறையும் வைக்காமல்.

அவள் புருஷன் யோந்தோன்தான்
இன்று என்னோடு வந்திருக்கிறான்.
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட்டுநர் வேலை என்றதும்
முதல் விண்ணப்பம் அவனுடையது.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை.
சரி என்று சொல்லவும்.

காலையிலிருந்து அவன் பேசியது ஒன்றுதான்:
"பாட்டை நிறுத்து."
பையன் ரேடியோவை அணைத்தான்.
யோந்தோன் குல்லாயைக் கழற்றி
பானெட்டில் காதை வைத்துக் கேட்டான்.
பிறகு அடுத்த வண்டி.
பிறகு அடுத்தது.

கடைசி வரிசையில், நாய் கட்டியிருந்த வேலியோரம்,
சாம்பல் நிற ரஷ்ய வேன்.
முழு ரொட்டிக்கு நாலு சக்கரம் மாட்டியது போல.
ஒரு கதவைச் சாத்தினால்
இன்னொன்று திறந்துகொள்கிறது.
பெட்ரோலை மொடாக்குடியனாய்க் குடிக்கும்,
சட்டையிலும் கொஞ்சம் சிந்திக்கொள்ளும்.
மேடுபள்ளத்தில் எலும்புகளை எண்ணலாம்,
பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று
நான்தான் முதலில் சொன்னேன்.

ஆனால் என்ஜின் வண்டிக்கு உள்ளே,
இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவில்.
மூடியைத் தூக்கினால்
கைக்குழந்தை மாதிரி பக்கத்தில் கிடக்கிறது.
பனிப்புயலில் கீழே இறங்காமலே கை வைக்கலாம்.
மூடியின்மேல் சலைன் பாட்டிலை வைத்தால் உறையாது.
எங்கள் பள்ளத்தாக்கில் பதினோரு கூடாரத்துக்காவது
இதன் குடலும் ஈரலும் தெரியும்:
கம்பி, தோல்வார்,
டாங்க் ஒழுகினால் அடைக்க
ஒரு சோப்புத் துண்டு.

கெடாத வண்டி தேடித்தான் ஊரைவிட்டுக் கிளம்பினேன்.
இது கெடும்.
எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கெடும்.

ஏறிப் படுத்தேன்.
கால் நீட்டினேன்.
இடம் மிச்சமிருந்தது.
கண்ணைத் திறந்தபோது யோந்தோன்
நான் கிடந்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.
சட்டென எழுந்துகொண்டேன்.

பணம் எண்ணியது, முத்திரை, ரசீது,
நான்கு சக்கரத்துக்கும் பால் தெளித்தது,
வழியில் ஏறிக்கொண்ட இரண்டு மாணவிகள்,
ஒரு மூட்டை மாவு, யாருடையதோ ஒரு டிவி.
ஹீட்டர் என் இடது காலை மட்டும் வேகவைத்தது.

கணவாய் உச்சியில்
கல்குவியலை மூன்று முறை சுற்றி வந்தோம்.
நீலத் துணிகள் காற்றில் படபடத்தன.
எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு
யோந்தோன் என்ஜினை அணைத்தான்.
வேண்டுமென்றே.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
காற்று வண்டியை உலுக்கியது.
நான் நாடி பார்க்கிற பழக்கத்தில் எண்ணத் தொடங்கி
எழுநூறுவரை போனேன்.
மாணவிகளில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

சாவியை அவன் தொடவில்லை.
இருக்கைக்கடியிலிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு
முன்னால் போய்க் குனிந்தான்.
கண்ணாடியில் அவன் முதுகு மட்டும்
எழுந்து, தாழ்ந்து,
எழுந்து.
மூன்றாவது முறுக்கில்
வேன் இருமிக்கொண்டு விழித்தது.
மாணவிகள் கைதட்டினார்கள்.

வந்து உட்கார்ந்தான்.
உள்ளங்கையை என்ஜின் மூடியில் வைத்து
சற்று நேரம் இருந்தான்.
பிறகு
மறுபடி அணைத்தான்.